அறுபது கிளிப்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை ஒரு வேளைகூடப் பசியோடு இருந்ததில்லை. தலை பின்னாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அம்மா பக்கத்தில் இல்லாமல் போனதில்லை. இதைச் சொல்லாமல் நெட்டையைப் பற்றி எதை ஆரம்பித்தாலும், "அதெல்லாம் சரி, அவ ஓடப் போறப்ப பிள்ளைய யாரு பாத்துக்கறாங்க?" என்று யாராவது கேட்பீர்கள். நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் வாரத்தில் ஆறு நாள் பஸ் ஓட்டப் போகிறார். அவரிடம் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நெட்டை என்பது சலவைக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர். அலமாரியின் மேல் தட்டுக்கு ஸ்டூல் போடாமல் கை எட்டுகிற ஒரே ஆள் அவள். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருக்கிறது எங்கள் கூடம். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி ஒரு வாசலில் நுழைந்து, துவைபட்டு, உலர்ந்து, இஸ்திரியாகி, மடிந்து, மறுவாசல் வழியாகப் போகும். நான் மடிப்பு மேசை. அவள் கணக்கு மேசை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி என்று ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உருப்படியாவது அவள் கைபட்டுத்தான் வெளியே போகும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. எந்தக் கட்டாக இருந்தாலும் இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருத்தர் வாய்விட்டு எண்ணுவார். இன்னொருத்தர் கூடவே கண்ணால் எண்ணி, கடைசியில் "சரி" என்பார். அந்தச் "சரி" விழாமல் கட்டு நகராது. சூப்பர்வைசரே வந்து எண்ணினாலும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் "சரி" சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நாங்கள் எங்கே கோட்டை விட்டோம் என்று கேளுங்கள்.

பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் நெட்டை நின்ற இடத்திலேயே தூங்குவாள். ஒரு நாள் விரிப்புக் கட்டின்மேல் சாய்ந்து அப்படியே போய்விட்டாள். நான்தான் சூப்பர்வைசர் வருவதற்குள் தட்டி எழுப்பினேன். பிறகு ஒரு காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிற்க எரிச்சலாகி, ஆறு கிலோமீட்டரையும் ஓடியே வந்துவிட்டாள். செருப்பு கையில், முகம் செக்கச்செவேல் என்று. வந்தவள் திட்டுவாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே நின்றாள்.

"என்னடி, பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றேன்.

"இல்லக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் யாரும் என்னைக் கூப்பிடல. அரை மணி நேரத்துக்கு மேல. அம்மான்னும் கூப்பிடல, ஏய்னும் கூப்பிடல."

அன்றிலிருந்து ஓட்டம்தான். முதுகில் ஒரு பை, அதில் மாற்றுத் துணி. ஆறு, பத்தாயிற்று. பத்து, இருபத்தொன்றாயிற்று. பார்க்கிறவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள், ஏதோ இவள் அவள் வீட்டுக்குள் ஓடி வந்த மாதிரி. நாத்தனார், அதாவது டிரைவரின் அக்கா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். அவள் விசாரிக்கிற விதமே தனி. குழந்தை மெலிந்துவிட்டதாமே என்று ஆரம்பிப்பாள். நேரில் பார்த்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

போன வருஷம் நெட்டை முழு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். வழியில் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு கட்டியிருப்பார்கள். ஐந்து மணி நேரத்துக்குள் அதைத் தாண்ட வேண்டும். தாண்டாதவர்களுக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் நிற்கும். நகரப் பஸ்தான், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு. அதை ஓட்டுகிற டியூட்டி யாருக்கு விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? அவள் வீட்டுக்காரருக்கேதான்.

பதினொரு நிமிஷம் தாமதமாக வந்து சேர்ந்தாள். கயிறு கட்டியாகிவிட்டது. பஸ் கதவு திறந்தது. கட்டின புருஷன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "ஏறு" என்றார். வேறு என்ன சொல்வார் பாவம், டியூட்டி. அவளும் ஏறினாள். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தவள், இறங்கும்வரை தலை நிமிரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது ஒரே வாக்கியம்தான்: "அடுத்த வருஷம் உங்க பஸ்ல ஏற மாட்டேன்."

அதுதான் பந்தயம். வேறு எதுவும் இல்லை. பதக்கமெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறக்கூடாது, அவ்வளவுதான்.

நீண்ட ஓட்டத்துக்கு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிடைக்கும். அன்றைக்கு டிரைவருக்குக் காலை ஷிஃப்ட். வாலு பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருப்பாள். வாலு என்றால் குழந்தை. ஆறு வயது, அவ்வளவு சேட்டைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவளை விட்டுவிட்டு எங்கோ போய் நாலு மணி நேரம் ஓட நெட்டைக்கு மனசில்லை. ஓடாமல் இருக்கவும் மனசில்லை. அப்போதுதான் எங்கள் தெருவையே பாதையாக்கினாள். நான் கீழ்வீடு, அவர்கள் மாடி. எங்கள் கட்டிடத்தையும் பக்கத்து மூன்று கட்டிடங்களையும் சுற்றி ஒரு தெரு போகிறது. சலவைக்கூடத்திலிருந்து இருபது மீட்டர் கொடிக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டு அளந்தோம். என் ஜன்னலில் ஆரம்பித்து என் ஜன்னலுக்கே திரும்பி வர இருபத்தைந்து கயிறு. ஐந்நூறு மீட்டர். ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "ரோடு போடப் போறாங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சுற்று ஒரு கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு அறுபது சுற்று. அவள் கையில் ஓட்டம் முடிகிறவரை நேரம் காட்டும் பழைய கடிகாரம் ஒன்று உண்டு. தூரம் காட்டாது. போனோ ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். "நீயே எண்ணிக்க வேண்டியதுதானே, எண்ணுறதுதானே உன் தொழில்?" என்றேன்.

"அதனாலதான்க்கா. வாரம் பூரா எண்றேன். ஞாயித்துக்கிழமையும் எண்ணச் சொல்லாதீங்க, மண்டை வெடிச்சிரும்."

"நான் எண்றேன்" என்றது வாலு.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. என் ஜன்னல் கம்பியின் குறுக்கே ஒரு சின்னக் கொடி கட்டினோம். ஒரு கூடையில் அன்றைக்கு எத்தனை சுற்றோ அத்தனை துணிக் கிளிப். அம்மா ஒரு முறை ஜன்னலைக் கடந்தால் கூடையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்ட வேண்டும். கூடை காலியானால் "முடிஞ்சிருச்சு!" என்று கத்த வேண்டும். வாலுவுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். ஆனாலும் இது எண்ணவே தேவையில்லாத ஏற்பாடு. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜன்னலைக் கடக்கும்போது சும்மா கடந்துவிட முடியாது. அது வாலு போட்ட நிபந்தனை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முகம் காட்ட வேண்டும். கன்னத்தை உப்பிக் காட்டுவாள், மூக்கைத் தூக்கிப் பன்றியாவாள், ஒற்றைக் கண்ணை மூடுவாள், நாக்கால் மூக்கைத் தொடப் பார்ப்பாள். எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு முறைப்பதை அப்படியே உரித்து வைப்பாள். ஒரே நாளில் ஒரு முகம் இரண்டு தடவை வந்தால் வாலு "பழசு! பழசு!" என்று கத்தும். வியர்வை சொட்டச் சொட்ட, மூச்சு இழுக்க இழுக்க, ஐம்பதாவது சுற்றில் புதிதாக ஒரு முகத்துக்கு அவள் எங்கே போவாள்? போனாள். ஒவ்வொரு வாரமும் போனாள். நாலு சுற்றுக்கு ஒரு தடவை வாலு கம்பி வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டும். பாதி அம்மாவுக்கு, மீதி அம்மாவின் தலைக்கு.

வாலுவுக்கு முதல் பல் விழுந்ததும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முப்பத்தேழாவது சுற்றோ என்னவோ. கையில் பல்லை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் ரத்தமாக, கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நெட்டை நின்றாள். வாயைத் திறந்து பார்த்தாள், முத்தம் கொடுத்தாள், பல்லை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மிச்சச் சுற்றையெல்லாம் கையில் பல்லோடுதான் ஓடினாள். அந்த வாரம் நாத்தனார் போனில், "பல்லு விழுந்தப்பகூட அம்மாக்காரி வீட்ல இல்லையாமே" என்றாள். போன் என் கையில் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத முடியாது.

ஓட்டம் முடிந்து அவள் என் வீட்டுக் கூடத்துத் தரையில் குப்புறப் படுப்பாள். வாலு அவள் கெண்டைக்கால்மேல் ஏறி மிதிக்கும். இருபது மிதி என்பது ஒப்பந்தம். இருபது கிலோ எடை ஏறி மிதிப்பது அந்தக் காலுக்கு அமிர்தம் என்பாள். சில நாள் அப்படியே தூங்கியும் போவாள். வாலு அவள் முதுகில் படுத்துக்கொண்டு அவள் காதைத் திருகிக்கொண்டிருக்கும். சந்தோஷம் என்றால் எனக்கு அந்தத் தரைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் கடிகாரம் வேறு கதை சொன்னது. முதல் வாரம் முப்பது சுற்றை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாள். அருமையான வேகம், அதே வேகத்தில் போனால் கயிற்றுக்கு எக்கச்சக்க நேரம் மிச்சம். இரண்டு வாரம் கழித்து நாற்பது சுற்று. எதிர்பார்த்ததைவிடக் கால் மணி நேரம் அதிகம். ஐம்பது சுற்றுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட ஓட வேகம் கூட வேண்டாமா? இவளுக்குத் தேய்ந்துகொண்டே போயிற்று. சாப்பாட்டை மாற்றினாள், இரண்டு அவித்த முட்டை சேர்த்தாள், ஷூவை மாற்றினாள், சீக்கிரம் படுத்தாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள், மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கணக்கு மட்டும் இடித்தது. கடைசியில் அறுபது சுற்று வைத்த ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

படியில் உட்கார்ந்து விரலால் தரையில் கணக்குப் போட்டாள். முப்பதுக்கே நாலு நாற்பது என்றால் முப்பத்தைந்துக்கு ஐந்தரை. கயிறு கட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். போன வருஷத்தைவிட மோசம்.

"ஒரு வருஷம் ஓடி நான் மெதுவாயிருக்கேன்க்கா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன், ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாது. "பாதி ஓட்டத்துக்கு மாத்திக்கயேன். இருபத்தொண்ணு உனக்கு ஜுஜுபி. என் பஸ் அந்தப் பக்கமே வராது" என்றார். நாத்தனாருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, அன்றைக்கே போன். "உடம்பு சொல்றதைக் கேளும்மா. ஒரு புள்ளைக்குத் தாயானப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?" செவ்வாய்க்கிழமை நெட்டை பாதி ஓட்டத்துக்கு மாறுகிற படிவத்தை வாங்கி, பெயர் எழுதி, கையெழுத்தும் போட்டு, என் பீரோமேல் வைத்தாள். அடுத்த திங்கள்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். "என் வீட்ல இருந்தா கிழிச்சிருவேன், இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

புதன்கிழமை அவளுக்கு மாலை ஷிஃப்ட். வாலு என் வீட்டில். நான் துணி காயப்போடக் கிளிப்பை எடுக்கலாம் என்று வந்தால், வாலு ஜன்னலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு பொம்மையை ஜன்னல் விளிம்பில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வைத்தது. பொம்மை கடந்ததும் ஒரு கிளிப்பைக் கொடியில் மாட்டியது. மறுபடி பொம்மை வந்தது, மறுபடி கிளிப். நாலு மாட்டியாயிற்று. அப்புறம், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாக, கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கூடைக்குள் போட்டது.

கையிலிருந்த ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

"என்னடி பண்ற?"

"விளையாடறேன் பெரியம்மா."

"மாட்டின கிளிப்பை எதுக்குடி கழட்டின?"

அது என்னை ஏதோ மண்டுவைப் பார்ப்பது போலப் பார்த்தது. "கூடை காலியாயிட்டா அம்மா நின்னுருவாங்கல்ல? மறுபடியும் வரணும்ல?"

"அம்மா நிஜமா ஓடறப்பவும் இப்படிப் பண்ணுவியா?"

"எப்பவும் இல்ல. மூஞ்சி நல்லா இருந்தா மட்டும்."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் எண்ணாமல் ஒரு தலையணை உறையைக்கூட வெளியே விடாத ஆட்கள் நாங்கள். நாங்கள் போய் ஒரு வருஷத்து உழைப்பை, ஒரே ஒரு ஆள் எண்ணிய கணக்கை நம்பி, மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். அந்த ஆளுக்கும் வயது ஆறு. அதுவும் முகம் நன்றாக இருந்தால் திருடுகிற ஆள். சமையலறையிலிருந்து பத்தடி தள்ளித்தான் இந்தத் திருட்டு நடந்திருக்கிறது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் கணக்கு மேசையில் வைத்தே சொன்னேன். நாற்பத்து மூன்றாவது விரிப்பில் இருந்தாள். கை நின்றது. முதலில் முகம் சிவந்தது. "திருட்டுக் கழுதை" என்றாள். "நான் முட்டை தின்னேன்க்கா. ஷூ மாத்தினேன். எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன்." பிறகு விரிப்புக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாயிற்று. சூப்பர்வைசர் வந்து கண்ணாடியைத் தாழ்த்தி முறைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் அடக்கவே முடியவில்லை.

"எத்தனை எடுத்திருப்பா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் எண்ணுங்க. அவளும் எண்ணட்டும், நீங்களும் எண்ணுங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் துணிக்கு அடையாளம் போடுகிற அழியாத மை பேனா. எழுத என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்தால், பீரோமேல் இருந்த தாள்தான் கைக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். நெட்டை கடந்தால் ஒரு கோடு. வாலு எத்தனை மாட்டியது, எத்தனை கழற்றியது என்று பார்க்கவே இல்லை. என் கண் தெருவில். அன்றைக்குப் போல நான் எதையும் எண்ணியதில்லை. மூக்கு அரித்ததற்குக்கூடச் சொறிந்துகொள்ளவில்லை.

நாற்பதாவது கோட்டில் எழுந்து வெளியே போய்க் கையைக் காட்டினேன். அவள் கடிகாரத்தை நிறுத்தினாள். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். இருபது கிலோமீட்டர். வாலுவின் கொடியில் முப்பத்து மூன்று கிளிப் தொங்கின.

நெட்டை தரையில் விரலால் கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். இந்த வேகத்துக்குக் கயிற்றை நாலரை மணி நேரத்தில் தாண்டலாம். நாற்பதுக்கு ஏழு திருட்டு என்றால், அறுபது என்று நினைத்து அவள் ஓடிய அன்றைக்கு எழுபது சுற்றுக்கு மேல் ஓடியிருக்கிறாள். அதாவது முப்பத்தைந்து கிலோமீட்டர். அவளைப் போன வருஷம் பஸ்ஸில் ஏற்றிய அந்தத் தூரத்தை, என் ஜன்னலைச் சுற்றிச் சுற்றியே, தெரியாமலே, நேரத்துக்குள் தாண்டிவிட்டு, படியில் உட்கார்ந்து தோற்றுப்போனேன் என்றிருக்கிறாள். அவளை அந்த உபரிப் பத்துச் சுற்றும் ஓட வைத்தது யார்? பிள்ளை பெற்றவளுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் விரட்டி விரட்டி ஓட வைத்திருக்கிறது.

"ஃபாரம் எங்கக்கா?" என்றாள்.

நீட்டினேன். பின்பக்கம் பூராவும் கோடு. அழியாத மை முன்பக்கம் வரை ஊறி, அவள் கையெழுத்தின்மேலேயே ஏறியிருந்தது. இனி அதை எந்த அலுவலகமும் வாங்காது. வாங்கினாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஓட்ட நாளன்று நானும் வாலுவும் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் போய் நின்றோம். வாலு கூடையைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடித்தது. அறுபது கிளிப்பும் வந்தன. வளைவில் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைமேல் ஓட்டக்காரர்கள் கொடுத்த தொண்டர் பனியன் போட்ட இரண்டு இளைஞர்கள் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, என்ஜின் உறும, பஸ். டிரைவர் சீருடையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் கையை ஆட்டினேன். அவர் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

நாலு மணி நாற்பது நிமிஷத்துக்குத் தெருமுனையில் ஒரு நெட்டைத் தலை தெரிந்தது.

உப்புப் பூத்த முகம். இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் ஓடினாள், நடக்கவில்லை. வாலு கொடிக்குப் பதிலாக என் சேலைத் தலைப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிளிப்போடு தயாராக நின்றது. நெட்டை எங்களைக் கடக்கும்போது கன்னத்தை உப்பி, கண்ணை மாறுகண்ணாக்கி, இதுவரை காட்டாத ஒரு முகம் காட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பயந்தே போனார்.

வாலு ஒரு கிளிப்பை மாட்டியது. "ஒண்ணு!"

நெட்டை வளைவை எட்டிவிட்டாள். இன்னும் இரண்டடி வைத்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம். அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸிலிருந்து தலையை வெளியே நீட்டி டிரைவர் கத்தினார். ஒரு வருஷமாக அடக்கி வைத்த கத்தல். "ஏய், நிக்காத! போ! போயிரு!"

அவள் போகவில்லை. எங்களை நோக்கித் திரும்பி ஓடி வந்தாள்.

"மேடம், எங்க போறீங்க? முன்னாடி போகணும்!" என்று கயிற்று இளைஞன் பதறினான்.

"தெரியும் தம்பி. இருபது நிமிஷம் இருக்குல்ல?" என்றாள். எங்களைத் தாண்டி இருபது அடி பின்னால் போய், வட்டமடித்து, மறுபடி முன்னால் வந்தாள். வரும்போதே, "திருடி! உனக்கு இன்னொண்ணு வேணுமில்ல?" என்று கத்தினாள். இந்தத் தடவை பன்றி மூக்கு, அதோடு நாக்கு. வாலு குதித்த குதியில் கூடை கவிழ்ந்து கிளிப்பெல்லாம் தார் ரோட்டில் சிதறின. ஒன்றை மட்டும் எப்படியோ பிடித்து, அம்மா கடக்கும்போது அவள் சட்டை ஓரத்திலேயே மாட்டிவிட்டது.

"ரெண்டு!"

"சரி" என்றேன் நான்.

அந்தக் கிளிப்போடுதான் அவள் கயிற்றைத் தாண்டினாள். அந்தக் கிளிப்போடுதான் மிச்ச ஏழு கிலோமீட்டரையும் ஓடி, ஐந்து மணி நாற்பத்தேழு நிமிஷத்தில் முடித்தாள். கடைசியில் எடுத்த போட்டோவில் பதக்கம் வெயிலில் பளபளத்து ஒன்றும் தெரியவில்லை, நீல நிறக் கிளிப் மட்டும் நன்றாகத் தெரிகிறது. பஸ் அன்றைக்குப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் அவர்களை இறக்கிவிட்டுவிட்டு எங்களிடம் வந்தார். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, வராமல், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஆறுதல் சொல்லத் தெரியாது என்றேனே, பாராட்டவும் தெரியாது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

சாயங்காலம் என் வீட்டில் இருந்தபோது நாத்தனாரின் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா? நெட்டை தரையில் குப்புறக் கிடந்தாள். போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆறு மணி நேரம் ஓடினியாமே. அது வரைக்கும் பிள்ளைய யாரு பாத்துக்கிட்டா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நெட்டை பேச்சை மாற்றிவிடுவாள். அன்றைக்குத் தலையைத் தூக்கினாள்.

"நான்தான் அண்ணி பாத்துக்கிட்டேன். முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல ரெண்டு தடவை பாத்துக்கிட்டேன். நேரம் இருந்துச்சு."

நான் போனை அணைத்துவிட்டு, வாலுவைத் தூக்கி அவள் கால்மேல் விட்டேன். இருபது மிதி, ஒப்பந்தப்படி. வாலு வாய்விட்டு எண்ண, நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் எண்ணினேன். பதினேழு என்றது, பதினெட்டு என்றது, பத்தொன்பது என்றது. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதினேழு என்றது.

"சரி" என்றேன்.